பங்காளிகள் குரூப்பில் அரசியல் பேசும்போது

காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப் குரூப்பில் அரசியல் பேசுகிறவர்கள் புரொஃபைலில் வீட்டு முகப்பை வைக்காதீர்கள். மேலே இருக்கிற கஜலட்சுமி சுதையைப் பார்த்தே எந்த ஊர், யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள். செட்டிங்ஸ், பிரைவசி போய்ப் படத்தை 'மை காண்டாக்ட்ஸ்' என மாற்றுங்கள். போட்டோவை டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகக்கூடும். சாதாரணப் படமாகவே அனுப்புங்கள்.

விலாசத்தை மறைப்பதில் தப்பே இல்லை. கட்சிப் பொறுப்பில் இருந்துகொண்டு 'நான் நடுநிலை' என்பதுதான் பொய்.

சித்தப்பா தனியாகச் சொன்னதை அவரைக் கேட்காமல் ஸ்கிரீன்ஷாட் போடாதீர்கள்.

வேட்பாளர் சொத்தைப் பற்றி எழுதுமுன் தேர்தல் ஆணையத் தளத்தில் அவருடைய பிரமாணப் பத்திரத்தைத் திறந்து பாருங்கள். தவறாகப் போட்டுவிட்டால் அழிப்பதோடு நிற்காமல் அதே குரூப்பில் திருத்தம் எழுதுங்கள். 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தாலும், அதற்குள் பார்வர்ட் ஆனது அழியாது.