ஆடிக் காற்றும் கிழிந்த கொடியும்: நாம் செய்கிற தவறுகள்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், எங்கள் தையல் கடைக்குக் கிழிந்த கொடிகள் வரத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்துக் கொடி, குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோயிலின் கொடி, அய்யாவழிக்காரர்களின் நிழல்தாங்கல் காவிக் கொடி, கடை வாசலில் கட்டிய கொடி என்று எது வந்தாலும் ஒரே கோலம்தான். கம்பத்தை ஒட்டிய பாதி புதுசு போல இருக்கும், வெளி ஓரம் மட்டும் நாய் குதறின மாதிரி தொங்கும். கொண்டு வருகிறவர் சொல்வதும் ஒன்றுதான். "இந்தக் காத்துக்கு எந்தக் கொடி அண்ணே தாங்கும்?"

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லையே. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, வழி தேடி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வருகிறது. பெரிய வாய்க்கால் தண்ணீர் குறுகின மடையில் பாயும்போது எப்படி இரையுமோ அப்படித்தான் இதுவும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தோவாளைப் பக்கம் நின்று பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே காது கேட்காது. அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. ஆகஸ்ட் 15 ஆடி மாதக் கடைசியில் வருகிறது. குடியரசு நாளோ தை மாதம். தையில் கட்டின கொடி சமர்த்தாக ஆடிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டு அதே கம்பம், அதே கயிறு, அதே முடிச்சு என்று ஆடியிலும் கட்டினால் ஒரு வாரத்தில் கொடி என் கடையில்.

ஆனால் அதே தெருவில், அதே காற்றில், ஓணம் தாண்டியும் கிழியாமல் நிற்கிற கொடியையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் பழி முழுக்கக் காற்றின் மேல் இல்லை.

பெரிசா இருந்தால்தான் எடுப்பு என்று நினைப்பது

முதல் தவறு துணியை வாங்கும்போதே நடந்துவிடுகிறது. கொடியின் நீளம் கம்பத்தின் உயரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 20 அடிக் கம்பம் என்றால் 5 முதல் ஆறரை அடி. ஆனால் அது சாதாரணக் காற்று அடிக்கிற ஊருக்கான கணக்கு. இங்கே கால் பங்குக்கும் கீழே இறங்குவதுதான் புத்தி.

தேசியக் கொடியின் அளவுகளைக் கொடி விதிகளே வரிசையாகக் கொடுத்திருக்கின்றன. எல்லாமே நீளம் மூன்று, அகலம் இரண்டு என்ற விகிதம்தான். அதில் 1800-க்கு 1200 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 6 அடிக்கு 4 அடி. அதற்கு அடுத்த சின்னது 1350-க்கு 900, அதாவது நாலரைக்கு மூன்று. நீளத்தில் ஒன்றரை அடிதான் குறைகிறது, ஆனால் துணியின் பரப்பு 24 சதுர அடியிலிருந்து பதின்மூன்றரைக்கு இறங்கிவிடுகிறது. காற்று பிடித்து இழுக்கிற துணி ஏறக்குறைய பாதி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 20 அடிக் கம்பத்துக்கு ஆறடிக் கொடி கேட்டு வருகிறவர்களிடம் நாலரை அடிக் கொடியை எடுத்துக் காட்டுவேன். பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும்.

ஓரத்தைப் பார்க்காமல் விடுவது

எனக்குத் தெரிந்தவரை எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஒரு ஈரத் துவர்த்தை, அதாவது துண்டை, ஓங்கி உதறிப் பாருங்கள். கை பிடித்திருக்கிற பக்கம் மெதுவாகத்தான் அசையும், நுனி மட்டும் சாட்டை மாதிரி சுளீரென்று அடிக்கும். கொடியின் வெளி ஓரத்துக்கு ராத்திரி பகலாக அந்த அடிதான். அதிலும் கீழ் மூலையில்தான் முதலில் நூல் பிரியும். விரல் நகம் அளவுக்கு ஒரு பிசிறு. அதைப் பார்த்தவுடன் இறக்கித் தைத்தால் பத்து நிமிஷ வேலை. விட்டால் பிசிறு ஒரு சாண் ஆகும், அப்புறம் அந்தக் கிழிசலே இரண்டு வால்களாகி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரே ராத்திரியில் கிழிந்துவிட்டது என்று கொண்டு வருகிற கொடிகளில் பெரும்பாலானவற்றில் பழைய பிசிறின் அழுக்கு அப்படியே இருக்கும். கொண்டு வந்தவரிடம் அதைக் காட்டினால் பேச்சு நின்றுவிடும்.

கடையில் வாங்குகிற கொடியின் வெளி ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். விலை குறைந்தது என்றால் ஒற்றை மடிப்பு, ஒற்றைத் தையல், அதுவும் பருத்தி நூல். நம் ஊர்க் காற்றுக்கு இது ஆகாது. துணியை இரண்டு மடிப்பாக மடித்து, அதன் மேல் பாலியெஸ்டர் நூலால் நான்கு வரிசை தையல் ஓட வேண்டும். இரண்டு மூலைகளிலும் சின்னதாகக் கட்டம் போட்டு, குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல். புதுக் கொடியைக் கம்பத்தில் ஏற்றுவதற்கு முன்னால் இதைச் செய்துகொண்டால் ஆயுள் நன்றாகக் கூடும்.

இதிலும் ஒரு எல்லை உண்டு. தொழில் பழகின புதிதில், நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைத்து ஒரு திருவிழாக் கொடிக்குப் பொடித் தையலாக நாலைந்து வரிசை ஓட்டிவிட்டேன். மூன்றாம் நாள் ஓரம் அப்படியே நீளவாக்கில் கழன்று வந்தது, தபால் தலையைக் கிழிக்கிற மாதிரி. ஊசி போட்ட ஓட்டைகள் நெருங்கி நெருங்கி அதுவே ஒரு கிழிக்கிற கோடு ஆகிவிட்டது. அங்குலத்துக்கு எட்டு, பத்து தையல் போதும் என்று அன்றைக்குத்தான் அப்பா சொல்லித் தந்தார். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார்.

பிசிறு வந்த பிறகு என்ன செய்வது? கோயில், குருசடி, கடைக் கொடி என்றால் பிசிறு பிடித்த பகுதியை நேராக வெட்டிவிட்டு மறுபடி மடித்துத் தைத்துவிடலாம். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்யலாம், நீளம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தேசியக் கொடியில் இந்த வேலை கூடாது. வெட்டினால் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் போய்விடும், சக்கரமும் நடுவில் நிற்காது. மடிப்பின் தையல் மட்டும் பிரிந்திருந்தால் துணியை வெட்டாமல் அதே இடத்தில் தைக்கலாம். துணியே கிழிந்திருந்தால் வேறு கொடிதான். சேதமான தேசியக் கொடியைப் பறக்கவிடக் கூடாது என்பது விதி. வேண்டாமென்று ஆனதைக் குப்பையில் போடவும் கூடாது. கண்டம் துண்டமாக்காமல், முழுசாக, தனியிடத்தில், மரியாதையாக எரித்துவிடச் சொல்கிறார்கள்.

இன்னொரு கெட்ட பழக்கம், பாலியெஸ்டர் பிசிறைத் தீக்குச்சியால் சுட்டு உருக்குவது. உருகின இடம் கல் மாதிரி இறுகிவிடும், அடுத்த கிழிசல் அதன் பக்கத்திலேயே தொடங்கும்.

ஆடாமல் இருக்கக் கட்டிப்போடுவது

சிரிக்க வேண்டாம், இதைப் பலரும் செய்கிறார்கள். 2022-இல் ஆகஸ்ட் 13 முதல் 15 வரை வீடுதோறும் கொடி ஏற்றச் சொன்னார்கள் அல்லவா, அப்போது மாடிகளில் நிறையப் பார்த்தேன். கொடி படபடவென்று அடிக்கிறதே என்று வெளி மூலையை ஒரு கயிறு போட்டு மாடிக் கம்பியில் கட்டியிருந்தார்கள். ஒருவர் டிஷ் ஆன்டெனாவில் கட்டியிருந்தார். கொடி ஆடுவதே அது தப்பிக்கிற வழி, காற்றை நழுவவிட்டு நழுவவிட்டுத்தான் அது பிழைக்கிறது. மூலையைக் கட்டினால் அது கொடி இல்லை, படகின் பாய். மொத்தக் காற்றும் அந்த ஒரு முடிச்சில் வந்து நிற்கும். மூலையில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் இதே ரகம்தான்.

பிளெக்ஸ் பேனரில் பிறை வடிவில் வெட்டிவிடுகிற மாதிரி கொடியிலும் ஓட்டை போட்டுத் தரச் சொல்லி ஒருவர் வந்தார். பேனர் நாலு பக்கமும் கட்டுண்டு நிற்பது, அதற்குக் காற்று போக வழி வேண்டும். கொடிக்கு மூன்று பக்கமும் வழிதான். போட்ட ஓட்டை கிழிசலாகும் என்பது தவிர வேறு பயன் இல்லை. தேசியக் கொடியில் அப்படி வெட்டுவது அவமதிப்பும்கூட.

துணி

தடித்த துணி என்றால் தாங்கும் என்பது பாதிதான் உண்மை. கதர் பார்க்க அழகு, ஆனால் சாரலில் நனைந்தால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். கனத்த ஈரத் துணியைக் காற்று அடிக்கும்போது தையலுக்கு வருகிற இழுப்பே வேறு. சாட்டின் மாதிரி மினுமினுப்பான துணி ஊர்வலத்துக்கு நல்லது, கம்பத்துக்கு ஆகாது. நைலான் லேசானது, சீக்கிரம் காயும், சின்னக் காற்றுக்கும் பறக்கும். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அது சரி. ஆரல்வாய்மொழியில் அதற்கு ஓய்வே கிடைக்காது. காற்று நிறைய உள்ள இடத்துக்கு, இழை கொஞ்சம் இளக்கமாக நெய்த கனமான பாலியெஸ்டர்தான் என் தேர்வு. 2021 டிசம்பர் 30 அன்று கொடி விதிகளைத் திருத்தியதிலிருந்து தேசியக் கொடியையும் பாலியெஸ்டரில், இயந்திரத்தில் செய்யலாம். அந்தப் பட்டியலில் பருத்தி, பாலியெஸ்டர், கம்பளி, பட்டு உண்டு. நைலான் இல்லை.

கயிறும் கப்பியும்

கொடிக்குச் செலவழித்துவிட்டு, கயிற்றுக்குக் கையில் கிடைத்ததைக் கட்டுகிறவர்கள்தான் அதிகம். கட்டுக்கம்பியால் கட்டினால் துரு பிடித்துத் துணியை அறுக்கும். நீல நிற, மஞ்சள் நிற பிளாஸ்டிக் கயிறு ஒரு வெயில் காலம் கண்டால் கையில் பொடியாக உதிரும். குளச்சலிலோ முட்டத்திலோ வலைக் கயிறு விற்கிற கடையில் போய், இந்த வேலைக்கு என்று சொல்லிக் கேளுங்கள். கடலில் போடுகிற கயிற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது இல்லை.

கயிறு தளர்ந்திருந்தால் கொடியின் மேல் மூலையும் கீழ் மூலையும் ஆளுக்கொரு பக்கம் இழுபடும், கொடி கம்பத்தில் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்ட கொடியைக் காற்று அவிழ்க்கிற விதம் கொடூரமானது. கயிற்றை இறுக்கி, கீழ் மூலை கயிற்றோடு ஒட்டி நிற்கும்படி கட்ட வேண்டும். ராத்திரியில் கயிறு கம்பத்தில் டங் டங் என்று அடிக்கிற சத்தம் கேட்டால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கடற்கரை ஊர்களில் இரும்பு வளையமும் இரும்புக் கொக்கியும் வேண்டாம். உப்புக்காற்றில் துருவேறி, துணியில் பழுப்புக் கறை இறங்கும். கப்பி இறுகிவிட்டால் கொடி இறங்கவே இறங்காது, காற்று முற்றுகிற நேரத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். உப்பு துணியிலும் படியும். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதோடு இழைகளுக்கு நடுவே மணல் மாதிரி அறுக்கவும் செய்யும். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். ஈரத்தோடு மடித்து பீரோவில் வைக்காதீர்கள், கரும்புள்ளி பிடித்தால் போகவே போகாது.

ஒரு திசையை மட்டும் பார்த்துக் கம்பம் நடுவது

ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து. ஜூலையில் நட்ட கம்பத்துக்குக் கிழக்கே மட்டும் இடம் விட்டிருப்பார்கள், நவம்பரில் கொடி எதிர்ப்பக்கம் திரும்பித் தென்னை ஓலையில் உரசும். ஓலையின் ஓரம் அரம் மாதிரி. ஓட்டு விளிம்பு, கரண்ட் கம்பி, வேப்பங்கிளை எதுவுமே கொடியின் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான வட்டத்துக்குள் வரக் கூடாது. எட்டுத் திசையிலும்தான்.

இறக்க மனசு வராதது

2022 ஜூலையில் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொதுமக்கள் தங்கள் வீட்டில் தேசியக் கொடியை இரவும் பகலும் பறக்கவிடலாம். பறக்கவிடலாம் என்றுதான் இருக்கிறது, விட்டே ஆக வேண்டும் என்று இல்லை. வானிலை எச்சரிக்கை வந்தால் இறக்கி வைத்துவிடலாம்.

திருவிழாக் கொடி அப்படி இல்லை, ஏற்றினால் விழா முடிகிறவரை இறக்க முடியாது. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும். 2017-இல் ஒக்கிப் புயல் வந்தது நவம்பர் 30. திருவிழாக் கொடி தைக்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் நினைவில் வைத்துக்கொண்டு ஓரம் மடிக்க வேண்டும். மற்ற கொடிகளுக்கு என் யோசனை, இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கட்டுவது. ஒன்று காற்றில் இருக்கும்போது இன்னொன்றை மடியில் போட்டு நிதானமாக ஓரம் பார்க்கலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கொடி தைக்க வேண்டுமென்றால் ஆனியிலேயே வந்துவிடுங்கள். ஆகஸ்ட் 14 ராத்திரி எட்டு மணிக்கு, ஷட்டரைப் பாதி இறக்கின பிறகு, "அண்ணே, காலையில ஏத்தணும்" என்று ஒருவர் வருவார். வருஷா வருஷம் வருகிறார். ஆள்தான் மாறுகிறது.