கேப்ட்சா வைத்தும் ஸ்பேம் நிற்கவில்லையா?

உங்கள் தளத்தில் கருத்துப் பெட்டியைத் திறந்து வைத்த கொஞ்ச நாளிலேயே சூதாட்டத் தளம், போலி மருந்து, உடனடிக் கடன் என்று குப்பை குவிய ஆரம்பிக்கும். அந்த எரிச்சலில், இருப்பதிலேயே கடினமான கேப்ட்சாவை, அதாவது எழுதுவது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனையை, தேடிப் பிடித்து மாட்டிவிடுகிறோம். முதல் தவறு அங்கேதான். சின்னத் தளங்களுக்கு வரும் பாட்களில் (தானாக இயங்கும் நிரல்களில்) பெரும்பாலானவை உங்களைக் குறிவைத்து எழுதப்பட்டவை அல்ல, ஒரே நிரல் எத்தனையோ தளங்களுக்குப் போய் கண்ணில் பட்ட கட்டத்தையெல்லாம் நிரப்பிவிட்டு நகர்ந்துவிடும். அதற்கு எளிய தடையே போதும்.

மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுக் கட்டத்தைப் படிவத்தில் வையுங்கள். அது நிரம்பி வந்தால் அனுப்பியது பாட். இதை ஹனிபாட் என்பார்கள். வாசகர் எதுவுமே செய்ய வேண்டாம் என்பதால்தான் எனக்கு இது பிடிக்கும். ஆனால் இதிலும் சறுக்கலாம்: அந்தக் கட்டத்துக்கு 'மின்னஞ்சல்', 'தொலைபேசி' மாதிரி பெயர் வைத்தால் பிரவுசரின் ஆட்டோஃபில் அதையும் சேர்த்து நிரப்பிவிடும், பாவம், உண்மையான வாசகர் மாட்டிக்கொள்வார். திரைவாசிப்பான் பயன்படுத்துகிற பார்வையற்றவருக்கு அது வாசிக்கப்படாமலும், டேப் விசையில் போகிறவர் அங்கே போய் நிற்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தவறுதான் மிகப் பெரியது. சரிபார்ப்பைப் பிரவுசரிலேயே முடித்துவிடுவது. "4 கூட்டல் 3 எவ்வளவு?" என்று கேட்டு, விடை சரியா என்பதை ஜாவாஸ்கிரிப்டில் பார்த்து, பட்டனை மட்டும் திறந்துவிடுவார்கள். பாட் உங்கள் பக்கத்தைப் பிரவுசரில் திறப்பதே இல்லையே! படிவம் போய்ச் சேரும் முகவரிக்கு அது நேராகத் தகவலை அனுப்பிவிடும். கேள்வி, பட்டன் எதுவும் அதைத் தடுக்காது. சரியான விடையை மறைகட்டத்தில் எழுதி வைப்பவர்களும் உண்டு, அது வினாத்தாளின் பின்பக்கத்திலேயே விடையை அச்சடிப்பதற்குச் சமம். கூகுளின் ரீகேப்ட்சா வைத்தவர்களும் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். பெட்டி திரையில் தெரிகிறது, வாசகர் டிக் செய்கிறார், ஆனால் அது தரும் டோக்கனை (சோதனையில் தேறியதற்கான குறியீட்டை) சர்வர் பக்கம் கூகுளிடம் கேட்டுச் சரிபார்ப்பதே இல்லை. அப்படியானால் அந்தப் பெட்டி வெறும் அலங்காரம்தான்.

அந்த டோக்கனுக்கு ஆயுள் 2 நிமிடம், ஒரே ஒருமுறைதான் செல்லும். நிதானமாக நான்கு பத்தி எழுதுகிறவருக்கு அது போதாது. அவர் அனுப்பும்போது "சோதனை தோல்வி" என்று சொல்லி, எழுதியதையும் அழித்துவிட்டால் மறுபடி உங்கள் பக்கம் வருவாரா? அனுப்பு பட்டனை அழுத்தும்போது டோக்கன் வாங்குங்கள். சோதனை தவறினாலும் எழுதியது பெட்டியில் அப்படியே இருக்கட்டும்.

தமிழில் கேள்வி கேட்பவர்களுக்குத் தனியாக ஒன்று. விடை 'கோழி' என்று வைத்துக்கொள்வோம். யூனிகோடில் 'கோ'வின் துணையெழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. சரியாக எழுதியவரிடமே "தவறு" என்று காட்டும். ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி (NFC) என்ற, இத்தகைய குறிகளை ஒரே விதமாக ஆக்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள், முன்பின் இடைவெளியை வெட்டுங்கள். கோயில், கோவில் என்று இரண்டு விதமாகவும் எழுதுகிற சொல்லை விடையாக வைக்கவே வேண்டாம். எண்ணில் விடை கேட்டால் 7, ஏழு இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நெளிந்த எழுத்துப் படத்தை இன்னும் விடாதவர்களுக்கு: கோரமாக நெளிக்கப்பட்ட எழுத்துகளையே தன் நிரல் 99.8 சதவீதம் சரியாகப் படித்துவிடுகிறது என்று கூகுளே 2014-இல் சொல்லிவிட்டது. கண் மங்கிய பெரியவர்தான் அதில் திணறுகிறார். படங்களில் தீயணைப்புக் குழாயைத் தேடச் சொல்வதும் அப்படித்தான், அமெரிக்கத் தெருவோரத்தில் நிற்கும் அந்தக் குழாயை நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

அப்புறம், சோதனையை மட்டுமே நம்பி இருந்துவிடாதீர்கள். காசுக்குக் கேப்ட்சா தீர்த்துக் கொடுக்க ஆட்களை வைத்தே தொழில் நடக்கிறது, அங்கே விடை எழுதுவது மனிதர்தான். அதனால் முதல்முறை எழுதுபவரின் கருத்தும், இணைப்பு உள்ள கருத்தும் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே வெளியாகட்டும். இணைப்புகளுக்கு நோஃபாலோ (இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு) போடுங்கள், 2005-இல் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் இந்தத் தொல்லைக்காகவே அதை ஏற்றுக்கொண்டன. எல்லாம் வைத்த பிறகு, தடுக்கப்பட்டவற்றின் பட்டியலை ஒரு வாரம் தினமும் திறந்து பாருங்கள். அதில் உண்மையான வாசகர் ஒருவர் கிடந்தால் அன்றைக்கே அவர் கருத்தை வெளியிட்டுவிட்டு, எந்தத் தடை அவரை நிறுத்தியது என்று தேடுங்கள்.