பழைய ரிவால்வரைப் பளபளப்பாக்கிப் பாழாக்காதீர்கள்

மும்பையில் பழைய ரிவால்வர் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அதிகமில்லை. பட்டாளத்திலோ போலீசிலோ பணியாற்றிய தாத்தாவின் பொருளாக அது பெரும்பாலும் வீட்டுக்கு வந்திருக்கும்; உரிமம் பேரன் பெயருக்கு மாறிய பிறகு அவருக்குச் சேகரிப்பில் ஆர்வம் பற்றிக்கொள்ளும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இப்படித் தொடங்குபவர்கள் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். பலர் வருவது, செய்யக் கூடாததைச் செய்து முடித்த பிறகுதான். கையில் எடுத்தவுடன் உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்ப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழையது என்பதால் உரிமம் வேண்டாம் என்று நினைப்பது

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விலக்கு அளிப்பது, பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழம்பொருளுக்கு மட்டுமே. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண உரிமதாரர் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே எதை வைத்துக்கொள்வது என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

பாலிஷ் போடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் ஆறாத தவறு இது.

செம்பூரில் ஓர் அன்பரிடம் அவருடைய தாத்தாவின் வெப்லி மார்க் 6 இருந்தது. 1915இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட, ஆறு அங்குலக் குழல் கொண்ட .455 தோட்டாவுக்கான ரிவால்வர் அது. நான் முதலில் பார்த்தபோது அதன் உலோகம் மங்கிய சாம்பல் நீலத்தில் இருந்தது. குழலின் மேல்விளிம்பு விரலில் கூர்மையாகத் தட்டுப்பட்டது. தோட்டாக்கள் அமரும் உருளையான சிலிண்டரின் ஒவ்வோர் அறையின் மீதும், சுட்டுப் பரிசோதித்ததற்கான முத்திரை தெளிவாகத் தெரிந்தது. சட்டகத்தில் 1917 என்ற ஆண்டு ஆழமாகப் பதிந்திருந்தது. சிலிண்டரின் பின்னோரத்தில் மட்டும் அரிசியளவுக்குத் துரு பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு அப்படியே வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆயுத பூஜைக்கு முன்பு அவர் அதை முலாம் பூசும் பட்டறை ஒன்றில் கொடுத்துவிட்டார். "அண்ணா, புதுசு மாதிரி ஆயிடுச்சு, பாருங்க" என்று அவர் மகிழ்ச்சியோடு நீட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் தேய்த்ததால் விளிம்புகள் எல்லாம் கரைந்த சோப்புக்கட்டிபோல உருண்டிருந்தன. திருகுத் துளைகளைச் சுற்றிக் குழி விழுந்திருந்தது. முத்திரைகளில் பாதி காணவில்லை. ஆண்டில் 19 மட்டும் எஞ்சியிருந்தது. அதற்கு மேல் கண்ணாடி போன்ற நிக்கல் முலாம். விவரமறிந்த சேகரிப்பாளர் யாரும் இனி அதை அசல் நிலையில் உள்ளதாக ஏற்க மாட்டார்.

பழைய துப்பாக்கியின் எஃகு மீதுள்ள கருநீலப் படலம் ஏன் இத்தனை முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ப்ளூயிங் எனப்படும் அந்தப் படலம் மேலே பூசிய சாயமன்று. எஃகின் மேற்பரப்பையே கட்டுப்பாட்டோடு ஆக்சைடாக மாற்றி உண்டாக்கிய மிக மெல்லிய படலம். துருவும் இரும்பு ஆக்சைடுதான். எனவே உப்புத்தாளோ, வினிகரோ, கடையில் விற்கும் துரு நீக்கியோ துருவை மட்டும் எடுத்துவிட்டுப் படலத்தை விட்டுவைப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடும். அந்தக் காலத்துப் பட்டறைகளில் எஃகை மெல்லத் துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் இட்டு, தேய்த்து, மறுபடியும் அதையே செய்து நிறம் ஏற்றும் முறை பரவலாக இருந்தது. இன்று பட்டறைகளில் வழக்கமாகச் செய்வது சூடான காரஉப்புக் கரைசலில் முக்குவது. அது பரவியது 1930களில்தான். எவ்வளவு திறமையாகச் செய்தாலும் 1917ஆம் ஆண்டின் துப்பாக்கியில் அது வேற்று நிறமாகவே தெரியும்.

சட்டச் சிக்கலும் உண்டு. துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவருக்கே ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்; அதன் மீதுள்ள எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதை அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு தடை செய்கிறது. பாலிஷ் போடும்போது எண் தேய்ந்துபோனால், அது தற்செயலாக நடந்தது என்று காவல் நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

துருவுக்குச் செய்ய வேண்டியது எளிது. மெல்லிய இயந்திர எண்ணெயை ஒரு சொட்டு விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள். பிறகு பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக நெருடி, பழைய பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். சிவப்புத் தூள் வருவது நின்றதும் நிறுத்திவிடுங்கள். அடியில் கறுப்பாகக் கறை நின்றால் நிற்கட்டும். அது துப்பாக்கியின் வயது.

புளியும் எலுமிச்சையும்

பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதை ரிவால்வருக்குச் செய்யக் கூடாது. 1851ஆம் ஆண்டின் கோல்ட் நேவி வகை அமெரிக்க ரிவால்வரில், விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக்காப்பும் கைப்பிடியின் பின்பட்டையும் பல நேரங்களில் வெள்ளி முலாம் பூசிய பித்தளையாகவே வந்தன. இடுக்குகளில் எஞ்சியிருக்கும் அந்த வெள்ளிதான் அசலுக்குச் சாட்சி. புளி போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அதுவே.

சந்தனம், குங்குமம்

பூஜைக்கு ஈரச் சந்தனத்தைப் பெட்டியின் மீது வையுங்கள், எஃகின் மீது வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்

வேண்டாம். தாவர எண்ணெய்கள் நாளடைவில் கெட்டுப் பிசுபிசுத்து, இயங்கும் பாகங்களில் ஒட்டிக்கொள்ளும்.

தோலுறையில் வைத்து மூடுவது

தோல் ஈரத்தை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்ளும். பதனிடப் பயன்பட்ட அமிலங்களும் அதில் இருக்கும். மும்பையின் மழைக்காலத்தில், கடல் காற்றும் சேர்ந்துகொண்டால், உறைக்குள் இருக்கும் எஃகு சில வாரங்களிலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். உறை அசலானதாக இருந்தால் அதையும் காப்பாற்றுங்கள், ஆனால் தனியாக. ரிவால்வரின் மீது மைக்ரோகிறிஸ்டலின் மெழுகை மெல்லியதாகப் பூசி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்த பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் ஏறக்குறைய 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தாவிட்டால், அதை வைத்ததில் பயனில்லை. ஸ்பாஞ்ச் பதித்த பெட்டி பார்வைக்கு அழகாக இருந்தாலும் ஈரத்தைப் பிடித்துவைப்பதில் தோலைப் போலத்தான்.

திருகுகளைக் கழற்றிப் பார்ப்பது

வாய் பொருந்தாத திருப்புளி ஒருமுறை நழுவினால் போதும், திருகின் தலைப்பள்ளம் சிதைந்துவிடும். வாங்க வருபவர் பூதக்கண்ணாடியில் முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

சீவிய சிலிண்டரைக் கவனிக்காமல் வாங்குவது

அமெரிக்கச் சந்தைக்குப் போன வெப்லிகள் பலவற்றில், அங்கே எளிதில் கிடைத்த .45 தோட்டாவுக்காகச் சிலிண்டரின் பின்புறத்தைச் சீவியிருக்கிறார்கள். சிலிண்டரின் பின்புறத்தைக் கவனியுங்கள்; சிலிண்டரையே மாற்றியிருக்கிறார்களா என்று அறிய, அதிலும் சட்டகத்திலும் உள்ள எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

காகிதங்களைத் தூக்கியெறிவது

தாத்தாவின் பழைய உரிமப் புத்தகம், பணிச் சான்று, வாங்கிய ரசீது ஆகியவற்றை வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அந்த ரிவால்வர் யாரிடம், எப்போது, எப்படி வந்தது என்பதற்கு வேறு ஆதாரம் இருக்காது. அவற்றை அமிலமற்ற உறைகளில் இட்டுத் தனியாக வைத்து, நகல் ஒன்றை இப்போதைய உரிமத்தோடு சேர்த்து வையுங்கள்.