குட்டியைத் தூக்குவதற்கு முன்னால்

சென்னையில் மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே ரகம். "பார்க்கிங்ல மூணு பூனைக்குட்டி கெடக்கு சார், அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு." எவ்வளவு நேரமாகப் பார்க்கிறீர்கள் என்று கேட்பேன். பத்து நிமிஷம் என்பார்கள். அதற்குள் ஒருவர் அட்டைப்பெட்டியோடு தயாராக நிற்பார்.

தெருப்பூனை விஷயத்தில் நான் பார்த்த தவறுகள் கல்நெஞ்சால் நடந்தவை குறைவு. இரக்கப்பட்டு அவசரப்பட்டதால் நடந்தவைதான் அதிகம். என்னுடையவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரும்பாலும் தாய் விட்டுவிட்டுப் போயிருக்காது. இரை தேடப் போயிருக்கும், இல்லையென்றால் நீங்கள் நிற்பதால் எதிர் மதிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். இடம் மாற்றும்போது ஒவ்வொரு குட்டியாகத்தான் கவ்விக்கொண்டு போகும். நடுவில் போய்ப் பார்ப்பவர் கண்ணுக்கு மிச்சம் கிடக்கும் குட்டி அநாதையாகத் தெரியும். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் பெரும்பாலும் கட்டுக்கதை. வயிறு நிரம்பிய குட்டி உருண்டு தூங்கும். விடாமல் கத்துகிறது, வயிறு ஒட்டியிருக்கிறது, உடம்பில் எறும்பு ஏறியிருக்கிறது என்றால்தான் உடனே எடுக்க வேண்டும். மற்றபடி நாலைந்து மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். நிற்க முடியாதவர்களுக்கு ஒரு வழி: குட்டிகளிலிருந்து ஓரடி தள்ளி, கோலத்துக்குப் போடும் கல்மாவை வட்டமாகத் தூவிவிட்டுப் போங்கள். தாய் வந்திருந்தால் கால்தடம் சொல்லிவிடும். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வரும்.

நிஜமாகவே தாய் இல்லையென்றால் அடுத்த தவறு பால் பாக்கெட். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் குட்டிக்குச் செரிக்காமல் பேதியாகும். உள்ளங்கையில் அடங்கும் உயிர், ஒருநாள் பேதிக்கே தாங்காது. பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறது. அதையும் எடுத்த எடுப்பில் ஊட்டக் கூடாது. குட்டி சில்லிட்டிருந்தால் குடித்தது செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு சூடேறிய பிறகு கொடுங்கள். கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும். குப்புறப் படுத்தபடிதான் குடிக்க வேண்டும். மூன்று வாரம் ஆகும்வரை தானாக ஒன்றுக்குப் போகவும் தெரியாது. தாய் நக்கிவிடும் இடத்தை வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் நீங்கள் துடைத்துவிட வேண்டும். ராத்திரி உட்பட இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இதையெல்லாம் செய்ய முடியுமா என்று யோசித்துவிட்டு அட்டைப்பெட்டியைத் தேடுங்கள்.

வளர்ந்த பூனை வேறு கதை. சுமார் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதரோடு பழகிய குட்டிதான் எளிதில் வீட்டுப்பூனையாகும். வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து காலில் உரசி, உங்களைப் பார்த்துக் கத்தினால் அது ஒரு காலத்தில் யார் வீட்டிலோ இருந்த பூனை. அதற்கு வீடு தேடலாம். பழகாமல் வளர்ந்தது மனிதரைப் பார்த்துக் கத்தாது, பதுங்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு சாம்பல் பெட்டையைப் பதினைந்து நாள் எங்கள் பாத்ரூமில் வைத்திருந்தேன். வாளிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தது. நான் இருந்தால் ஒரு வாய் தின்னாது. கதவின் அடிப்பக்கம் முழுக்கக் கீறல், முன்காலில் இரண்டு நகம் உடைந்து ரத்தம். திறந்துவிட்ட அன்று ஒரே தாவில் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம். இப்போதும் சாயந்திரம் ஏழு மணிக்கு வருகிறது, பத்தடி தள்ளித்தான் உட்காரும்.

இப்படிப்பட்ட பூனைக்குச் செய்ய வேண்டியது கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும். பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். கருத்தடை ஆனதற்கு அடையாளமாக இடதுகாது நுனியை மயக்கத்திலேயே நேராக வெட்டிவிடுவார்கள். "யாரோ படுபாவி காதை அறுத்துட்டான்" என்று சண்டைக்கு வருவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சாக்கு, வலை, கோணி எதுவும் வேண்டாம். கூண்டின் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, நாலைந்து நாள் அதே நேரத்துக்கு உள்ளே மத்தி மீன் வைத்துப் பழக்கினால் தானாக ஏறும். பிறகு ஒருநாள் கதவுக் கட்டை அவிழ்த்து வையுங்கள். மாட்டியதும் கூண்டின் மேல் துணியைப் போர்த்துங்கள், அடங்கிவிடும்.

கருத்தடை இல்லாமல் சோறு மட்டும் போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். பெட்டைக்கு நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும். சுமந்திருப்பது ஒன்பது வாரம்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகும். மூன்று பூனை பதினைந்தானதும் அசோசியேஷன் மீட்டிங் கூடும். ஆள் வைத்துச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்று முடிவாகும். அங்கே ஏற்கெனவே இருக்கும் கடுவன்கள் அவற்றை அடித்துத் துரத்தும், இங்கே காலியான இடத்துக்கு வேறு பூனை வரும். போதாதற்கு, பட்டினி கிடந்து வாடும்படி பூனையை இப்படிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சோறு போடுகிறவர்கள் நேரம் குறித்துப் போட்டு, அரைமணியில் மிச்சத்தை எடுத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். அது தினமும் தயிர்சாதமாகவே இருந்தால் போதாது. இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும்.

காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். நாய்க்கான உண்ணி மருந்தும் அப்படியே. கறுப்பு பினாயிலும் ஆகாது. கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

இனி தத்துக் கொடுக்கும் அவசரம். புதுக்குட்டியை வீட்டுப்பூனைகளோடு முதல்நாளே கலக்காதீர்கள், இரண்டு வாரம் தனி அறை. பான்லூக்கோபீனியா என்ற கொடிய பூனைத் தொற்றுநோயின் வைரஸ் தரையில் ஒரு வருஷம்கூடக் கிடக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் மசியும். எட்டு வாரத்துக்கு முன்னால் தாயைப் பிரிக்க வேண்டாம். வாங்குபவர் வீட்டை நேரில் பாருங்கள். நாலாவது மாடி பால்கனியில் கொசுவலை மட்டும் இருந்தால் பூனை ஒரே வாரத்தில் கிழித்துவிடும், புறாவலையாவது அடித்த பிறகு கொடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். "கடுவன்தான் வேணும்" என்ற ஒரு குடும்பத்துக்கு நான் உறுதியாகச் சொல்லிக் கொடுத்த குட்டிக்குச் சிங்காரம் என்று பேர் வைத்தார்கள். எட்டாம் மாதம் சிங்காரம் பரணில் மூன்று குட்டி போட்டான். அதற்குப் பிறகு கருத்தடைக்குத் தேதி குறிக்காமல் எந்தக் குட்டியும் என் வீட்டுப் படி தாண்டுவதில்லை.

கொடுத்த மறுநாள் ஒரு போன் வரும்: "பூனையக் காணோம் சார், வீடு பூரா தேடிட்டோம்." முதல்நாளே வீடு முழுக்கத் திறந்துவிட்டிருப்பார்கள். ஒரே அறையில் மண்தட்டும் தண்ணீரும் வைத்து விடச் சொன்னது மறந்திருக்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வேன். வாஷிங் மெஷினைப் போடுவதற்கு முன்னால் அதற்குள்ளேயும்.