பழைய மொறிஸ் பிக்கப்பின் தகர வேலை: வீட்டு முற்றத்திலேயே செய்வது எப்படி?

யாழ்ப்பாணத்தில் பழைய பிரித்தானிய வாகனம் ஒன்றை வாங்குகிறவரிடம் அயலவர்கள் முதலில் கேட்பது, "என்ன நிறம் அடிக்கப் போகிறீர்கள்?" என்பதுதான். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. வர்ணத்துக்கு அடியில் நடக்கும் வேலைதான் வேலை. அது ஒழுங்காக முடிந்தால் சுமாரான பெயின்ற்கூடப் பல வருடம் நிற்கும். முடியாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ற் அடித்தாலும் அடுத்த மாரிக்குள் குமிழ் குமிழாகக் கறள் எழும்பும். கடல் நம் வீட்டுக்கு அவ்வளவு கிட்ட இருக்கிறது.

நம் ஊர் வண்டிகளுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. பெற்றோலுக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடியவை இவை. உதிரிப்பாகம் வராத அந்தக் காலத்தில், கையில் அகப்பட்ட கூரைத் தகரத்தை வெட்டி ஆணி அடித்து, மேலே தார் பூசி, தூரிகையால் வர்ணம் தீட்டி ஓட்டினார்கள். அன்றைக்கு அது கெட்டித்தனம். இன்றைக்கு நீங்கள் முதலில் அவிழ்க்க வேண்டியது அதைத்தான்.

இங்கே மொறிஸ் மைனர் பிக்கப்பை வைத்து விளக்குகிறேன். 1953 முதல் 1970களின் தொடக்கம் வரை உற்பத்தியான வண்டி. புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. மைனர் காரில் உடலே சேஸிஸாகவும், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமாகவும், இருக்கும். பிக்கப்புக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. முன் மட்காட்டுகள் வெல்டிங் செய்யப்பட்டவை அல்ல, போல்ட்டில் நிற்பவை. கழற்றி நிழலில் வைத்து நிதானமாக வேலை செய்யலாம். ஒஸ்ரின், டட்சன் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான்.

முதலில் காந்தமும் திருப்புளியும்

வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உடல் முழுவதும் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் பற்றும். பிடி தளர்ந்து வழுக்கினால் அங்கே பழைய புட்டி (பள்ளம் நிரப்பப் பூசும் பசை) தடிப்பாக இருக்கிறது. அந்த இடத்தைச் சோக்கால் வட்டமிடுங்கள்.

அடுத்து, திருப்புளியின் முனையால் அடிப்புறத்தைக் குத்திப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) எனும் பெட்டிச் சட்டம், கதவின் அடி விளிம்பு, முன் மட்காட்டின் பின்பகுதியில் மண் தங்கும் இடுக்கு, ஹெட்லைட் கிண்ணத்தின் சுற்று, ஓட்டுநரின் கால் விரிப்புக்கு அடியில் உள்ள தளம், பின்பெட்டியின் மூலைகள், பின்பலகையின் அடிமடிப்பு ஆகியவை கறள் குடியிருக்கும் இடங்கள். நல்ல தகரத்தில் திருப்புளி "டக்" என்று கேட்கும். அழுகிய தகரம் சத்தமே தராது. முனை உள்ளே இறங்கும்.

சேஸிஸின் நீளச் சட்டத்திலோ, பின் ஸ்பிரிங் தொங்கும் கொளுவியிலோ முனை இறங்கினால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்ட இடம். அனுபவமுள்ள வெல்டரிடம் கொண்டுபோய்ச் செய்வித்த பிறகுதான் மீதி வேலை. சேஸிஸ் இலக்கம் பொறித்த இடத்தைக் கிரைண்டரால் தொடவே வேண்டாம்.

கழற்றுதல்

பற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கியையும் கழற்றி வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள். வெறும் தாங்கிதானே என்று விட்டுவிடாதீர்கள். நிறைந்த தாங்கியைவிட ஆவி தங்கிய வெறுந்தாங்கிதான் ஆபத்து.

மொறிஸ் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகளின் நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் மூலை மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். அங்குல ஸ்பானர் தொகுதி ஒன்றை இரவல் வாங்கியாவது எடுத்துக்கொள்ளுங்கள். இறுகிய நட்டுக்கு முதல் நாள் மாலையே கறள் இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடத்தினது என்று எழுதி ஒட்டுங்கள். மட்காட்டுக்கும் உடலுக்கும் இடையில் ஒரு குழாய் நாடா இருக்கும். அது எப்படி மடிந்து நிற்கிறது என்பதற்கும் ஒரு படம் வேண்டும். பூட்டும்போது அதன் அருமை தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிக் குவிக்காதீர்கள். பாதியில் கைவிடப்பட்டுக் கொட்டிலில் கிடக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை அப்படிக் குவிக்கப்பட்டவைதான். ஒரு மட்காட், அடுத்து ஒரு கதவு என்று போங்கள்.

கறளும் பழைய வர்ணமும்

அக்காலத்துப் பெயின்றில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே உலர்ந்த வர்ணத்தைக் கிரைண்டரால் தூளாக்கிப் பறக்கவிடாதீர்கள். பெயின்ற் நீக்கும் திரவம் பூசிச் சுரண்டுங்கள், அல்லது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். துணி முகக்கவசம் இதற்குப் போதாது. வடிகட்டி பொருத்தும் முகமூடி வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. சுரண்டலைப் பொறுக்கிப் பையில் கட்டுங்கள். திரவம் பூசிய தகரத்தை அடுத்த வேலைக்கு முன் நன்றாகத் துடைத்துக் கழுவுங்கள்.

காற்றழுத்தத்தால் மண் வீசிச் சுத்தம் செய்யலாமே என்று பலர் சொல்வார்கள். சேஸிஸுக்குச் சரி. கதவு, பொனற் போன்ற அகன்ற மெல்லிய தகரம் அந்த அடியில் வளைந்துபோகும். மண் தூசி நுரையீரலுக்கும் கேடு. கடற்கரை மண் என்றால் உப்பையும் சேர்த்தே தகரத்தில் ஏற்றுகிறீர்கள்.

கொளுவி, பிணைச்சல், சிறு தட்டுகள் போன்றவற்றுக்கு சிற்றிக் அமிலம் போதும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு சுமார் 50 கிராம் கரைத்து ஒரு வாளியில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் கறள் சேறாகிக் கழன்றிருக்கும். பித்தளைத் தூரிகையால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவுங்கள்.

கடைசி அலசலுக்கு எந்தத் தண்ணீர் என்பதை நம் ஊரில் கவனிக்க வேண்டும். சவர்த் தண்ணீரில் அலசிய தகரம் காய்வதற்குள்ளேயே செம்மஞ்சளாகும். உப்பு தகரத்தின் நுண்குழிகளில் தங்கிவிட்டால் அதன்மேல் எந்தப் பிறைமரும் (அடிப்பூச்சும்) நிலைக்காது. பிடித்து வைத்த மழைநீரோ, பற்றரிக்கு விடும் தண்ணீரோ நல்லது. அலசியவுடன் துடைத்து, வெயிலில் காயவைத்து, தகரம் ஆறிய கையோடு அன்றைக்கே எப்பொக்சி பிறைமர் பூசிவிடுங்கள். வெறும் தகரத்தை ஓர் இரவுகூட யாழ்ப்பாணக் காற்றில் விடாதீர்கள்.

வெட்டி ஒட்டுதல்

ஓட்டை விழுந்த இடத்தைப் புட்டியால் அடைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். புட்டி ஈரத்தை உறிஞ்சி உள்ளே வைத்திருக்கும். பின்பக்கத்திலிருந்து கறள் தின்றுகொண்டே போகும். எனவே வெட்டுங்கள். ஓட்டையின் விளிம்போடு அல்ல, பளிச்சென்ற தடித்த தகரம் தெரியும் வரை. உள்ளங்கை அளவு அழுகல் ஒரு முழ நீளமாக விரிந்தால் மனம் தளர வேண்டாம், அது வழமை.

வெட்டிய இடத்துக்குக் காட்போட் மட்டையில் அச்சு எடுத்து, அதைச் சுமார் 0.9 மில்லிமீற்றர் தடிப்புள்ள கறுப்புத் தகரத்தில் வரைந்து வெட்டுங்கள். நாகம் பூசிய கூரைத் தகரம் வேண்டாம். வெல்டிங் சூட்டில் அந்த நாகம் புகையாகி, சுவாசித்தவருக்குக் காய்ச்சல் வரும். ஒட்டும் சரிவராது.

சாதாரண ஆர்க் வெல்டிங் இந்தத் தடிப்பைப் பொசுக்கி ஓட்டையாக்கும். 0.6 மில்லிமீற்றர் கம்பி ஓடும் மிக் வெல்டிங்தான் ஏற்றது. உங்களிடம் இல்லையென்றால் ஒட்டுகளை வெட்டிப் பொருத்திக் கவ்வியில் பிடித்து வைத்துவிட்டு, வெல்டரை ஒரு நாள் வீட்டுக்கு அழையுங்கள். காசும் மிச்சம், வேலையும் சுத்தம். நீங்களே செய்வதானால் ஒரே கோடாக இழுக்காதீர்கள். ஒரு புள்ளி இந்த மூலையில், அடுத்தது எதிர் மூலையில் என்று மாற்றி மாற்றி வைத்து, இடையில் தகரத்தை ஆறவிடுங்கள். சூடு ஓரிடத்தில் சேர்ந்தால் தகரம் அப்பளம் போல நெளிந்துவிடும். பிறகு அதைச் சமப்படுத்துவது பெரும்பாடு. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஈரச்சாக்கும் இருக்கட்டும். பழைய தார்ப்பூச்சு சத்தமில்லாமல் புகைந்து பிடிக்கும்.

நெளிவு எடுத்தல்

எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இது. அவசரக்காரருக்கு இது வராது.

டொலி என்பது உள்ளங்கையில் அடங்கும் வழுவழுப்பான இரும்புக்கட்டி. அதைத் தகரத்தின் உட்பக்கம் பிடித்து, வெளியிலிருந்து தட்டையான சுத்தியலால் தட்ட வேண்டும். அடிக்க அல்ல, தட்ட. நெளிவின் நடுப்பள்ளத்தில் முதலில் கை வைக்காதீர்கள். பள்ளத்தைச் சுற்றி எப்போதும் ஒரு மேட்டு விளிம்பு இருக்கும். டொலியை உள்ளிருந்து பள்ளத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுத்தியலால் மேட்டைத் தட்டுங்கள். மேடு இறங்க இறங்கப் பள்ளம் தானாக எழும்பும். வெளி விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வாருங்கள். டொலிக்கு நேர் மேலேயே ஓங்கி அடித்தால் இரண்டு இரும்புக்கும் நடுவே தகரம் நசுங்கி விரியும். விரிந்த தகரம் அமுக்கினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அதைச் சூடு காட்டிச் சுருக்குவது கைதேர்ந்தவர் வேலை.

சரியாகிவிட்டதா என்று கண்ணை நம்பாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, நெளிவின் ஒரு பக்கம் உள்ள நல்ல தகரத்திலிருந்து மறுபக்கம் வரை நீளமாக ஓட்டுங்கள். விரல் நுனியால் தடவினால் கீறல்தான் தெரியும்; மேடு பள்ளம் உள்ளங்கைக்குத்தான் தெரியும்.

புட்டியும் தேய்ப்பும்

இப்போதுதான் புட்டி. இரண்டு, மிஞ்சினால் மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. அதற்கு மேல் தேவைப்பட்டால் சுத்தியல் வேலை முடியவில்லை என்று பொருள். 100 கிராம் புட்டிக்கு, அதை இறுகச் செய்யும் இறுக்கி (hardener) சுமார் 2 கிராம் கலப்பது வழக்கம். டின்னில் எழுதியிருப்பதைப் பாருங்கள். நம் வெயிலில் கலந்த சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் காலையில், ஒரு தேக்கரண்டி அளவாகக் கலந்து பூசுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று இறுக்கியைக் கூட்டினால் அதன் நிறம் பின்னர் பெயின்றுக்கு மேலே கசியும்.

புட்டியை உலர்ந்தபடியே தேயுங்கள், தண்ணீர் தொட வேண்டாம். 80 இலக்கச் சாண்ட் பேப்பரை நீளமான மரக்கட்டையில் சுற்றிக் குறுக்கும் மறுக்குமாக இழுத்து, பிறகு 180. விரலால் பேப்பரைப் பிடித்துத் தேய்த்தால் விரல் பதிந்த இடமெல்லாம் பள்ளமாகும். அதன்மேல் பிறைமர் அடித்து, கறுப்பு ஸ்பிரேயை மெல்லிய தூவலாகத் தூவி, 320 கொண்டு தேயுங்கள். கறுப்பு அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். தேய்த்தவுடன் அழிந்து தகரம் தெரியும் இடம் மேடு. கறுப்பு சமமாக மறையும் வரை திரும்பச் செய்யுங்கள்.

வர்ணம்

மாரி மழையில் காற்றில் ஈரம், சோளகம் வீசும் மாதங்களில் புழுதி. இடையில் மாசி, பங்குனிக் காலைகள்தான் முற்றத்துப் பெயின்றுக்கு வாய்ப்பானவை. கொட்டிலுக்குள் படங்கு கட்டி, நிலத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டு பாகம் கலந்து அடிக்கும் 2கே பெயின்றின் பளபளப்பு எல்லோருக்கும் பிடிக்கும். அதன் இறுக்கியில் ஐசோசயனேற் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. வெளிக்காற்றுக் குழாய் பொருத்திய முகமூடி இல்லாமல் அதை வீட்டில் அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஆஸ்துமா வந்தால் வந்ததுதான். சாதாரண சிந்தெற்றிக் எனாமல் போதும். உழைக்கப் பிறந்த பிக்கப்புக்கு அந்த மிதமான மினுக்கம்தான் அழகும்கூட. ஆவி வடிகட்டும் முகமூடியை இதற்கும் அணியுங்கள்.

பெயின்ற் தூவும் துப்பாக்கியைத் தகரத்திலிருந்து சுமார் 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றாமல் தோளோடு கையை நகர்த்துங்கள். முந்திய வரியின் பாதியை அடுத்த வரி மூட வேண்டும். கொம்பிரசரின் நீர்வடிகட்டியைத் தொடங்குமுன் திறந்து வடியுங்கள். முதல் பூச்சு மெல்லியதாக, அடி தெரிந்தாலும் பரவாயில்லை என்று இருக்கட்டும்.

நிறத்தை மாற்றுவதாக இருந்தால், வாகனப் பதிவில் உள்ள நிறத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும். பழைய நிறத்திலேயே விட்டால் அந்த அலைச்சல் இல்லை.

எஞ்சிய தின்னரையும் பெயின்றையும் முற்றத்தில் ஊற்றாதீர்கள். நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஊற்றியது நேரே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைக் கண்ட ஊர் இது.

பூட்டியபின்

மட்காட்டின் போல்ட்டுகளை முதலில் தளர்வாகப் பூட்டி, குழாய் நாடாவை இழுத்து நேராக்கி, பிறகு நடுவிலிருந்து இருபக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். கதவுக்குக் கீழுள்ள சில் சட்டத்தின் உள்ளேயும் கதவின் உள்ளேயும் மெழுகுக் கலவை அடியுங்கள். கழிவு எஞ்சின் ஒயிலை ஊற்றும் பழைய வழக்கம் வேண்டாம். அதில் அமிலமும் இருக்கிறது, சொட்டுவதும் நிலத்துக்குத்தான். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகள் பெயின்றாலோ மெழுகாலோ அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

எனாமல் முழுதாக இறுக ஒரு மாதமாவது ஆகும். அதுவரை பொலிஷ் தொட வேண்டாம். கடலுக்கு நடுவே போகும் பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குப் போய் வந்தால், வீடு சேர்ந்ததும் அடிப்புறத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் மட்காட்டின் உட்பக்கம் கையை விட்டு, இடுக்கில் சேர்ந்த மண்ணை வழித்தெடுங்கள்.