வெயில் ஊரில் கோழிக்கூண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற தை மாதத்தில் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர், தாம் புதிதாகக் கட்டிய கோழிக்கூண்டைப் பார்க்க என்னை அழைத்திருந்தார். புதுத் தகரம், புது வலை, பச்சை வண்ணம் பூசிய கதவு என எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஆனால் கூண்டு, வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டிச் சாய்ப்பாக இறக்கப்பட்டிருந்தது. “ஒரு பக்கத்துச் சுவர் மிச்சமுங்கண்ணா” என்றார். 2018இல் என் கூண்டைக் காட்டி நானும் இதையேதான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பகுதி கரூர் பரமத்திப் பக்கம். கோடையில் மாநிலத்தின் உச்ச வெப்பநிலைப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் ஊர் அது. கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைய வேண்டும், பள்ளத்தில் கட்டக் கூடாது, கோழிகளின் எண்ணிக்கைக்குத் தக்க இடம் விட வேண்டும் என்பவற்றை யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எனவே அவற்றை விட்டுவிட்டு, கேட்டாலும் பலர் சொல்லாத தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

வீட்டுச் சுவரில் சாய்ப்பு இறக்குவது

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்த வெப்பத்தைக் கொண்டை, தாடி, கால் ஆகியவற்றின் வழியாகவும், வாயைப் பிளந்து மூச்சு வாங்குவதாலும்தான் அது வெளியேற்ற முடியும். பகல் முழுவதும் இப்படி இளைத்துக் களைத்த கோழி, சூட்டைத் தணித்துக்கொள்வதற்கு இரவை நம்பியிருக்கிறது. மேற்குச் சுவரை ஒட்டிய கூண்டு கெடுப்பது அந்த இரவைத்தான்.

மேற்குச் சுவரில் உச்சிப் பொழுது சாய்ந்ததிலிருந்து மாலை வரை வெயில் நேராக அடிக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, பொழுது விழுந்த பின்பு பல மணி நேரத்திற்குச் சிறிது சிறிதாகக் கக்கும். நடு முற்றத்துக் காற்று எட்டு மணிக்கெல்லாம் இதமாகிவிட்டாலும், சுவரை ஒட்டிய இரண்டடி இடம் குளிர்வதில்லை. சரியாக அந்த இரண்டடிக்குள்தான், ஆறரை மணிக்கு அடையும் கோழிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு உட்காருகின்றன. இதோடு, காற்று ஒரு பக்கம் நுழைந்து எதிர்ப்பக்கம் வெளியேற வழியும் இல்லை; மூன்று பக்கமும் வலை இருந்தாலும், நான்காவது பக்கத்தில் சுவர் நிற்கும் கூண்டுக்குள் காற்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

இவையெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன. 2019 மே மாதத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தபோது ஆறு பெட்டைகள் கம்பின் அடியில் இறக்கையை விரித்தபடி கிடந்தன. பாம்பாக இருக்கும் என்று மூலை முடுக்கெல்லாம் தேடினேன். வெள்ளைக்கழிச்சலோ என்று எச்சத்தைக் கிளறிப் பார்த்தேன். மதியத்தில் எதுவும் சாகாததால் வெயிலின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மறுநாள் காலை மேலும் ஐந்து. இருபத்து நான்கில் பதினொன்று போய்விட்டது. அன்று மாலை வந்த கால்நடை மருத்துவர் கோழிகளைத் தொடுவதற்கு முன்பு சுவரைத் தொட்டார். பிறகு என்னையும் தொடச் சொன்னார். இரவு ஒன்பது மணிக்கு மறுபடி தொட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது மணிக்குத் தொட்டபோது, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரமான தோசைக்கல்லைப் போல இருந்தது.

இன்றும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் செத்த கோழிகள் மட்டும் அன்று. எதை மிச்சப்படுத்துவதாக நினைத்தேனோ, அப்படி ஒரு சுவர் நல்ல கூண்டில் இருக்கவே கூடாது. தனியாகக் கட்டியிருந்தால் அந்தப் பக்கத்தில் ஓரடிக் கட்டும் அதன் மேல் வலையும்தான் வந்திருக்கும்; அதற்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகச் செலவாகியிருக்கும், அவ்வளவுதான். இரண்டாவது காரணம், இந்தத் தவறு செய்தவுடன் தெரியாது என்பது. நம் பக்கத்தில் பெரும்பாலோர் தையிலும் மாசியிலும் கைக்குக் கொஞ்சம் பணம் வந்தபோது கூண்டு கட்டுகிறார்கள். அப்போதைய குளிருக்கு அந்தச் சுவரின் கதகதப்பு கோழிகளுக்கு உண்மையிலேயே பிடிக்கும். அவை சுவரோரமாகச் சேர்ந்து உட்காருவதைப் பார்த்து, நல்ல இடமாகத் தேர்ந்தெடுத்தோம் என்று நாமும் மகிழ்ந்துவிடுவோம்.

எந்தச் சுவரிலிருந்தும், சுற்றுச் சுவராகவே இருந்தாலும், எட்டடியாவது தள்ளிக் கட்டுங்கள். இடம் குறுகலாக இருந்து வேறு வழியே இல்லையென்றால், வீட்டின் வடக்குச் சுவர்ப் பக்கமாகச் சென்று, அங்கும் ஒரு ஆள் நடக்கும் அளவுக்காவது சந்து விடுங்கள். மேற்கில் நிழல் வேண்டுமானால் முருங்கை நடுங்கள். ஓராண்டில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். பழைய சாய்ப்பை நான் பிரிக்கவில்லை. அதில் விறகு அடுக்கியிருக்கிறேன், நன்றாகக் காய்கிறது.

நாய்க்குப் பயந்து நான்கடிச் சுவர் எழுப்புவது

நாம் நின்று பார்க்கும்போது வலை வழியே வரும் காற்று முகத்தில் படுகிறது. கூண்டு காற்றோட்டமாக இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே சென்று குத்துக்காலிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கோழியின் தலை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. காற்று அந்த உயரத்தில் ஓட வேண்டும். என் இப்போதைய கூண்டில் கட்டு ஓரடிதான். அதற்கு மேல் முழுவதும் வலை. நாயையும் கீரியையும் தடுக்க வேண்டியது வலையின் வேலை.

அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை

கோழியை உள்ளே வைத்திருக்கும். நாயை வெளியே நிறுத்தாது. தரையிலிருந்து மூன்றடிக்கு அரை அங்குல வெல்டு மெஷ் அடியுங்கள்.

சூடு தாங்காமல் தரையில் தண்ணீர் ஊற்றுவது

மூச்சோடு வெளியேறும் ஈரம் ஆவியாவதால்தான் கோழியின் சூடு தணிகிறது. காற்றோட்டம் இல்லாத கூண்டுக்குள் தண்ணீர் தெளித்தால் உள்ளே புழுக்கம் ஏறி, அந்த ஒரு வழியும் அடைபடுகிறது. கீழே பரப்பிய உமி நனைந்து அம்மோனியா நெடி கிளம்புவதும், ஈரத்தில் இரத்தக்கழிச்சல் தலைதூக்குவதும் தனிக் கதை. தண்ணீரைக் கூரையின் மேல் ஊற்றுங்கள். அல்லது வெளியே, காற்று வரும் பக்கத்தில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள்.

உட்காரும் கம்பைக் கூரைக்கு அருகில் கட்டுவது

கோழி எப்போதும் இருப்பதில் உயரமான கம்பைத்தான் பிடிக்கும். அங்கே சூடா, குளிர்ச்சியா என்று பார்க்காது. சூடான காற்று மேலே சென்று தங்குவதால், ஏணிபோல் மூன்று தட்டாகக் கட்டிய கம்புகளில் மேல்தட்டுக் கோழிகளே முதலில் வாயைப் பிளக்கும். எல்லாக் கம்புகளையும் ஒரே மட்டத்தில், இரண்டரை அடி உயரத்தில் கட்டிவிட்டால் போட்டியும் இல்லை.

தார்ப்பாய்

மழைக்கு மட்டும். சாரல் நின்றவுடன் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள்.

குடிநீர்க் குழாய்

வெயிலில் கிடக்கும் குழாயில் நின்ற தண்ணீர் சுடும். கோழி அதைக் குடிக்காது. நிழலில் ஒரு மண்சட்டி போதும்.

கூரையில் வெயிலை மட்டும் பார்த்து, காற்றை மறப்பது

வெறும் தகரம் ஆகாது என்பது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்கிறார்கள். வேய்ந்தவுடன் உள்ளே இருக்கும் வேறுபாட்டைக் கையை உயர்த்தியே உணரலாம். இறவாரத்தையும் மூன்றடிக்கு நீட்டுகிறார்கள். நல்லது, சாய்வெயில் உள்ளே விழாது. ஆனால் எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனியிலேயே தொடங்கிவிடும். நீட்டிய இறவாரத்தின் அடியில் புகுந்து கூரையையே தூக்கிவிடும் காற்று அது. அம்மியே பறக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் கீற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள் போலும். ஒவ்வொரு தூணின் தலைமாட்டிலும் கூரைச் சட்டத்தை இரும்புப் பட்டையால் இறுக்கி, கீற்றின் மேல் மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கே வைத்துக் கட்டுக்கம்பியால் அடிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். சணல் கயிறு ஒரு கோடைக்குள் இற்றுவிடும்.