ஆம்ஸ்டர்டாம் போகிறீர்களா? பென்சிலும் நோட்டும் பையில் இருக்கட்டும்

வரையும் பழக்கம் உள்ளவர்கள் சுற்றுலா என்பதற்காக அதை மூட்டை கட்டி வைக்க வேண்டாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம், போட்டோ எடுத்துவிட்டு ஓடாமல் நின்று வரையுங்கள் என்று 2015இல் பார்வையாளர்களை அழைக்கவே தொடங்கியது. சின்ன நோட்டும் பென்சிலும் போதும். வாட்டர்கலரைக் காட்சிக்கூடத்துக்குள் எடுக்காதீர்கள்.

காலை 9 மணிக்குத் திறந்ததும் போய்விடுவது நல்லது. ரெம்பிராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தின் முன் பிறகு கூட்டம் சேர்ந்துவிடும். அது மிகப் பெரிய படம்; முழுவதையும் வரைய முயல வேண்டாம். நடுவில் நிற்கும் தலைவரின் நீட்டிய கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிழல் பக்கத்தில் நிற்பவரின் உடையில் விழுந்திருப்பது தெரியும். கால் மணி நேரம் அந்த நிழலை வரைந்து பாருங்கள், நூறு போட்டோ தராததை அது தரும்.

வாட்டர்கலருக்குக் கால்வாய்க் கரைதான் இடம். அங்குள்ள பழைய வீடுகள் ஒடுங்கி உயர்ந்தவை. குறுகலான மாடிப்படியில் ஏறாத சாமான்களைக் கயிறு கட்டித் தூக்குவதற்காக உச்சியில் ஒரு உத்தரமும் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். பல வீடுகள் தெருப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். நிமிர்த்தி வரைந்துவிடாதீர்கள், அழகே அதில்தான். ஜூன் மாதத்தில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருப்பதால் சாப்பிட்டுவிட்டும் வரையலாம்.

கூட வந்தவர்களுக்கு இதில் ஆர்வம் இல்லையா? அந்த ஒரு மணி நேரம் அவர்கள் படகில் சுற்றிவரட்டும். நீங்கள் சைக்கிள் பாதையை விட்டுத் தள்ளி உட்காருங்கள்; அங்கே சைக்கிள்கள் வேகமாக வரும்.